கல்லுக்கு முன்னால் பட்டியல்: போர்க்கால நர்ஸ்களுக்கு பெங்களூரில் நினைவுப் பூங்கா அமைப்பதென்றால்

டெல்லி இந்தியா கேட்டின் சுவர்களில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று, 1919-இல் உயிரிழந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவருடையது. தேடிக்கொண்டு போகிறவர் கண்ணுக்கு மட்டுமே அது படும். பக்கத்திலேயே 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. திறந்த அன்றே அதில் 25,942 பெயர்கள் இருந்தன. வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த குழு என்பதில் நமக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு. பெங்களூருக்கும் நினைவுக்கல் புதிதல்ல. பேகூர்க் கோயிலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டு நடுகல்லில்தான் இந்த ஊரின் பெயரே முதலில் வருகிறது. இந்திரா காந்தி இசை நீரூற்றுப் பூங்கா வளாகத்தில் 75 அடி உயர வீரகல்லு, அதாவது நடுகல், நிற்கிறது. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் முனையில் ஒரு பழைய நினைவுத்தூண் இருக்கிறது. எல்லாமே போரில் விழுந்த வீரனை மனத்தில் வைத்து எழுந்தவை.

படைவீரர் நினைவிடத்தின் வரைபடத்தை எடுத்து, துப்பாக்கி இருந்த இடத்தில் விளக்கு வைத்தால் அது நர்ஸ்களின் நினைவிடம் ஆகிவிடாது. சிப்பாய் களத்தில் குண்டு பட்டுச் சாகிறான். தேதி, இடம், படைப்பிரிவு எல்லாம் பதிவாகிவிடும். நர்ஸ் பெரும்பாலும் கப்பலில் மூழ்கியோ, வார்டில் தொற்றிய காய்ச்சலிலோ, காசநோயோடு ஊர் திரும்பி நான்கைந்து வருடம் கழித்தோ சாகிறார். ‘போரில் வீழ்ந்தவர்’ என்ற ஒரே வரியை விதியாக வைத்தால் பெரும்பாலோர் விடுபட்டுப் போவார்கள். ஆகவே இந்த வேலையில் கல், மரம், பெஞ்சு எல்லாம் இரண்டாம் கட்டம்தான். யாரைச் சேர்ப்பது என்ற விதியை முதலில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அச்சடித்து வெளியிட்ட பிறகே குவாரிக்குப் போக வேண்டும்.

யார் பெயர்?

வரலாறு சுருக்கமாக. 1888 மார்ச் 28 அன்று பயிற்சி பெற்ற பத்து பிரிட்டிஷ் நர்ஸ்கள் பம்பாயில் வந்து இறங்கியதிலிருந்து இந்திய ராணுவ நர்சிங்கின் கணக்கு தொடங்குகிறது. இந்தியச் சிப்பாய்களுக்கென்று நிரந்தர நர்சிங் சேவை அமைந்தது 1926 அக்டோபர் 1 அன்று. இன்றும் அந்தத் தேதியைத்தான் ராணுவ நர்சிங் சேவை தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. 1943 செப்டம்பரில் வந்த அவசரச் சட்டம் நர்ஸ்களை அதிகாரிகளாக்கியது. 1976-இல் இந்தச் சேவையின் தலைவர் கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் இந்தியாவின் முதல் பெண் மேஜர் ஜெனரல் ஆனார். பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் இருக்கும் விமானப்படை கமாண்ட் ஆஸ்பத்திரியின் நர்சிங் கல்லூரியிலிருந்து இன்றும் நான்கு வருடப் படிப்பு முடித்த இளம் அதிகாரிகள் வெளியே வருகிறார்கள். அந்த வளாகமும், ஹலசூரு ஏரிக்கரையில் இருக்கும் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையமும், சுற்றியுள்ள மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் தமிழ்க் குடும்பங்களும்தான் இந்தப் பூங்காவுக்கு இயல்பான சொந்தக்காரர்கள்.

இரண்டாம் உலகப் போரில் நர்ஸ்களின் இழப்புகளில் பெரியவை கடலில் நேர்ந்தவை. சிங்கப்பூர் விழுவதற்கு முந்தைய நாள், 1942 பிப்ரவரி 14 அன்று, நர்ஸ்களும் குடும்பங்களும் நிறைந்திருந்த குவாலா என்ற கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெதிவ் இஸ்மாயில், மாலத்தீவுக்குப் பக்கத்தில் நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டுச் சில நிமிடங்களுக்குள் மூழ்கியது. இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். அவர்களில் 77 பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் நர்ஸ்கள். இப்படிக் கடலில் போனவர்களுக்குக் கல்லறையே கிடையாது. எங்கோ ஒரு சுவரில் வெட்டிய பெயர்தான் அவர்களுக்கு எல்லாமே.

இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்ச் சுவர்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விதி இங்கே கைகொடுக்கும். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை என்று இரண்டு கால எல்லைகளை அது வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் பணியில் இருந்தவர் எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், நோயானாலும் விபத்தானாலும், பெயர் சேரும். பணி முடிந்த பிறகு, பணியால் வந்த நோயில் அதே எல்லைக்குள் இறந்திருந்தாலும் சேரும். நர்ஸ்களுக்குப் பொருந்துவது இப்படிப்பட்ட விதிதான். 1947-க்குப் பிறகான போர்களுக்கு இதே மாதிரி தனித்தனி கால எல்லை எழுதிக்கொள்ள வேண்டும்: 1962, 1965, 1971, இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்த 1987–90.

இதைவிடச் சிக்கலான கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு எதிராகப் போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் தொடங்கிய ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. சேர்ந்த பெண்களில் பெரும் பங்கு மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். அதில் நர்சிங் பிரிவும் இருந்தது. ஒரே பர்மாக் களத்தில், எதிரெதிர் அணிகளில், இரண்டு பக்கமும் தமிழ் நர்ஸ்கள். இரண்டையும் ஒரே சுவரில் எழுதலாமா? எழுதலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் படைப்பிரிவின் பெயரோடு, தனித் தலைப்பின் கீழ். கலந்து எழுதினால் இரண்டு தரப்புக் குடும்பங்களும் வருத்தப்படும்.

இரண்டாவது, ஆண்கள். 1943 ஏப்ரலில் இந்திய ராணுவ மருத்துவப் படை உருவாகும் வரை, வார்டில் நோயாளியைத் தூக்கி, துடைத்து, பெட்பேன் எடுத்த வேலையில் பெரும்பகுதி இந்திய ஆஸ்பத்திரிப் படையின் நர்சிங் சிப்பாய்களுடையது. வேலையை வைத்துப் பார்த்தால் அவர்களும் நர்ஸ்களே. இவர்களை விட்டுவிட்டு ‘நர்ஸ்’ என்று எழுதினால் பாதி வார்டு காணாமல் போகும்.

பெயரைச் சரிபார்ப்பது

பெயர் கிடைப்பதை விட, கிடைத்த பெயர் யாருடையது என்று உறுதி செய்வதே கஷ்டம். பழைய பதிவுகளில் பல நர்ஸ்கள் ஒரு முதலெழுத்தும் ஒரு பெயருமாக மட்டுமே இருக்கிறார்கள். மேரி, எலிசபெத், கிரேஸ் எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் மூன்று நான்கு பேர். நர்ஸ் கவுன்சில் பதிவு எண்ணை இங்கே சாவியாக வைத்துக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் மாகாணத்தில் நர்ஸ்கள், தாதிகள் பதிவுச் சட்டம் 1926-இல் வந்தது. பெயர் மாறலாம், ஊர் மாறலாம், ஒரு கவுன்சிலில் வாங்கிய பதிவு எண் மாறாது.

பெயர் மாறுவதற்கு முக்கியக் காரணம் கல்யாணம். ராணுவ நர்சிங் அதிகாரி திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விடுவிக்கலாம் என்ற 1977-ஆம் ஆண்டு விதி 1995-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. 1988-இல் அப்படி வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே போரில் வேலை பார்த்தது ஒரு பெயரில், ஓய்வுக்காலம் இன்னொரு பெயரில் என்று பதிவு இரண்டாகக் கிடக்கும். கல்லில் வெட்ட வேண்டியது பணியில் இருந்தபோதிருந்த பெயரை. மற்றதைப் பதிவேட்டில் குறித்தால் போதும். பதவியையும் அப்படியே விட வேண்டும். 1942-இல் ‘சிஸ்டர்’ என்றோ ‘மேட்ரன்’ என்றோ இருந்தவரை இன்றைய கேப்டனாகவோ மேஜராகவோ மாற்றி எழுதுவது மரியாதை போலத் தெரியும். பதிவோடு ஒப்பிட்டால் தப்பு.

தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லை. ஆங்கில எழுத்தில் மட்டும் இருக்கும் பெயர் ராஜமணியா ராசாமணியா, தங்கமா தங்கம்மாளா, வள்ளியா வல்லியா? குடும்பம் கிடைத்தால் அவர்கள் எழுதும் விதமே முடிவு. கிடைக்காவிட்டால் ஊகித்துக் கல்லில் வெட்டக் கூடாது. பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலை மட்டும் வெட்டிவிட்டு இடம் விட்டு வைப்பதே நல்லது. சுவரில் கன்னடம் இருக்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அடுத்து, மூன்றாவது வரியாக நர்ஸின் தாய்மொழி வரலாம். ஆனால் அதை விதியிலேயே எல்லா மொழிக்கும் பொதுவாக எழுதி, முதல் நாளே ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். ஹலசூரு ஏரி பக்கம் 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 வரை, 18 வருடம் கன்னட–தமிழ்ப் பிணக்கால் துணி மூடிக் கிடந்த ஊர் இது.

கல்லும் எழுத்தும்

கல்லுக்கு பெங்களூரைப் போல வசதியான ஊர் இல்லை. சாதரஹள்ளிச் சாம்பல் கருங்கல் பக்கத்திலேயே கிடைக்கும். நடைபாதைக்கும் பெஞ்சுக்கும் அது போதும். பெயர்ப் பலகைக்கு மணி சிறுத்த கறுப்புக் கல் வேண்டும். விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு, சாமராஜநகர்க் கறுப்பு இரண்டும் அதற்குத் தோது. அறுத்துப் பாலிஷ் போட ஜிகணியில் பட்டறைகள் உண்டு. கையால் பொளிய வேண்டுமானால் மாலூர்ப் பக்கம் சிவாரப்பட்டணம் சிற்பிகள் இருக்கிறார்கள்.

ஒரு பலகை 900 மில்லிமீட்டர் அகலம், 1,500 உயரம், 50 கனம் என்று வைத்துக்கொள்வோம். கறுப்புக் கல்லில் எடை சுமார் 200 கிலோ வரும். 30 மி.மீ. எழுத்து, 50 மி.மீ. வரி இடைவெளி என்றால் மேலும் கீழும் ஓரம் விட்டு 26 வரிகள். ஒரு பெயர் இரண்டு எழுத்து முறைகளில், இரண்டு பத்தி கட்டினால், பலகைக்கு 26 பெயர். மூன்றாவது மொழி வரி எல்லோருக்கும் வந்தால் 16 ஆகக் குறையும். 25 மி.மீ. எழுத்து ஆங்கிலத்துக்குப் போதும். தமிழுக்கும் கன்னடத்துக்கும் 30-க்குக் கீழே போகக் கூடாது. சுழிகள் அடைத்துவிடும்.

லேசரால் பொறிப்பது மலிவு, வேகம். ஆனால் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட வராது. கறுப்புப் பாலிஷில் வெளுப்பாகத் தெரிவதோடு சரி. மேலே உப்புப் படிந்தால் எழுத்தே மறைந்துபோகும். மணல் வீச்சு முறையில் 3 முதல் 5 மி.மீ. ஆழம் கிடைக்கும். ரப்பர் தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்து வடிவை வெட்டி எடுத்துவிட்டு, காற்றழுத்தத்தில் துகளை வீசுவார்கள். தமிழில் பிழை வருவது இந்த இடத்தில்தான். ண, ழ, ஞ போன்றவற்றின் சுழிக்குள் மிஞ்சும் ரப்பர்த் துண்டு கடுகளவுதான் இருக்கும். வீச்சில் அது பிய்த்துக்கொண்டு போனால் சுழி முழுசும் குழியாகிவிடும். புள்ளியின் கதை நேர்மாறு. துளை சிறிதென்பதால் துகள் உள்ளே இறங்காமல் புள்ளி ஆழமற்றுப் போகும். 30 மி.மீ. எழுத்துக்குப் புள்ளி குறைந்தது 4 மி.மீ. விட்டம் இருக்கட்டும். சுழி உள்ள எழுத்துகளைச் சிற்றுளியால் கையில் முடிக்கச் சொல்வது செலவுதான். ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பட்டறைக் கணினியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பெயர்கள் யூனிகோடில் வந்திருக்கும். பட்டறையில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பும், யூனிகோடு அல்லாத பாமினி, வானவில் எழுத்துருக்களும் ஓடிக்கொண்டிருக்கும். திறந்தவுடன் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். தமிழ் தெரியாத ஆபரேட்டருக்கு அது பிழை என்றே தெரியாது. எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகே கோப்பைக் கொடுக்க வேண்டும். அதோடு நிற்காமல், அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பதிவேட்டோடு ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கல்லில் ஒட்டிய ரப்பர் தாளை வெட்டியதும், வீச்சுக்கு முன்னால், இன்னொரு முறை. அதற்கு மேல் திருத்தம் கிடையாது.

எழுத்துக்குள் தங்க நிறப் பெயின்ட் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் உரிந்து, பாதி எழுத்து மின்னி பாதி கறுத்துக் கிடக்கும். பெயின்ட் இல்லாமலே படிக்க வேண்டுமானால் சுவரின் திசை முக்கியம். வெட்டெழுத்து நிழலால்தான் தெரியும். பெங்களூர் 13 டிகிரி வடக்கில் இருப்பதால், வடக்கு பார்த்த சுவரில் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் விழாது, எழுத்து சப்பையாகத் தெரியும். மேற்குச் சுவர் மாலையில் கண் கூசும், தொட்டால் சுடும். கிழக்கு நல்லது. காலை பத்து மணிக்கு மேல் வெயில் மேலிருந்து சரிந்து விழும்போது எழுத்து துல்லியமாக எழும். நினைவு நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

பலகையைப் பிடித்து நிறுத்தும் ஊசிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு துருவேறிப் பருத்து மூலையை உடைக்கும், அதற்கு முன்பே பழுப்புக் கோடு இறங்கும். பின்னால் சிமென்ட் கலவையை நிரப்பி ஒட்டினால் மழைக்குப் பிறகு உப்புப் பூக்கும். இரண்டு விரற்கடை காற்று வெளி விட்டு, அடியில் நீர் வெளியேற வழி வைப்பதே முறை.

நிழல், நீர், ஊதுவத்தி

வாஷிங்டனில் 1993-இல் திறக்கப்பட்ட வியட்நாம் பெண்கள் நினைவகத்தைச் சுற்றி எட்டு மரங்கள் நிற்கின்றன. அந்தப் போரில் உயிரிழந்த எட்டு ராணுவ நர்ஸ்களுக்கு ஆளுக்கு ஒன்று. இதைப் பார்த்து இங்கும் பெயருக்கு ஒரு மரம் என்று கிளம்ப வேண்டாம். நூற்றுக்கணக்கில் பெயர் வரும்போது நெரிசலில் ஒன்றுமே வளராது. கப்பலுக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று என்று வைக்கலாம். எது என்பதே கேள்வி. தூங்குமூஞ்சி மரமும் குல்மொஹரும் அழகுதான். ஆனால் ஏப்ரல், மே மாத இடிமழையில் பெங்களூரில் முறிந்து விழுகிறவை பெரும்பாலும் அவையே. சுவருக்குப் பக்கத்தில் நாவல் ஆகாது, பழக்கறை கல்லில் ஊறிவிடும். ஆல், அரசு வேர் பலகையையே தூக்கும். மகிழம், புங்கை, புன்னை மூன்றும் பொருத்தம். மகிழம் மெதுவாக வளரும், ஆனால் நிழல் அடர்த்தி. ஒரு மீட்டர் ஆழக் குழி, மரத்துக்கு மரம் ஆறேழு மீட்டர், சுவரிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர். முதல் இரண்டு கோடை தண்ணீர் தவறக் கூடாது. இடத்தில் ஏற்கெனவே மரம் இருந்தால் வெட்ட 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். வாங்க அலைவதை விட, மரத்தைச் சுற்றி வரைபடத்தை வளைப்பது சுலபம்.

நீரூற்று வேண்டவே வேண்டாம். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கும் நீரூற்றுக்கும் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த நகரம் இது. வறண்ட நீரூற்றைப் போல அனாதையாகத் தெரிவது வேறில்லை. செடிகளுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைச் சொட்டுக் குழாயில் விடலாம். சுழல் தெளிப்பான் வைத்தால் போர்வெல் நீரின் உப்பு கறுப்புக் கல்லில் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்து இறுகிவிடும். அதைக் கழுவ யாராவது பாத்ரூம் ஆசிட்டோடு வருவார்கள், கல் மஞ்சளித்துப்போகும்.

அறிவிப்புப் பலகை வைத்தாலும் நம்மவர்கள் விளக்கேற்றுவார்கள், மாலை போடுவார்கள், குங்குமம் வைப்பார்கள், மெழுகுவத்தி நிறுத்துவார்கள். எண்ணெயும் மஞ்சளும் கல்லுக்குள் இறங்கினால் போகாது. தடுப்பதற்குப் பதில் சுவரிலிருந்து 600 மி.மீ. முன்னால், பாலிஷ் போடாத கல்லில், விளிம்பு உயர்த்திய ஒரு தாழ்ந்த திண்ணை கட்டிவிடலாம். கற்பூரப் புகை சுவரைத் தொடாது. வருகிறவர்களில் பலர் எண்பதைத் தாண்டிய முன்னாள் நர்ஸ்கள் என்பதையும் மறக்கக் கூடாது. படியே இல்லாமல் 12-க்கு 1 சரிவு, இருபுறமும் கைப்பிடி, கை ஊன்றி எழ வசதியான பெஞ்சு, நூறு அடிக்குள் கழிப்பறை.

எதைக் காட்டுவது

விளக்கேந்திய மங்கை சிலைக்குச் செலவழிக்கும் பணத்தை நாங்கள் பெயர் தேடுவதற்கு ஒதுக்கச் சொல்வோம். சிலை பெரும்பாலும் தப்பாகவே வரும். அசாம், பர்மாக் களத்தில் நர்ஸ்கள் வெள்ளை கவுனும் தலைத்துணியுமாக நிற்கவில்லை. மலேரியாக் கொசுவுக்கு பயந்து முழுக்கை காக்கிச் சட்டையும் காற்சட்டையும் போட்டார்கள். மலேரியாவைத் தடுக்கும் மெப்பாக்ரின் மாத்திரை தின்று தோல் மஞ்சளித்திருந்தது.

சிலைக்குப் பதில் ஒரு வார்டின் ஒரு நாளை விளக்கும் பலகை வைக்கலாம். 1944-இல் பெனிசிலின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தசையில் போட வேண்டிய ஊசி. அந்த மருந்து தேவைப்பட்டவர்கள் வார்டில் 40 பேர் என்றால், ஒரு நாளைக்கு 320 ஊசிகள். கண்ணாடி சிரிஞ்சு ஒவ்வொன்றையும் கொதிக்க வைத்து, மழுங்கிய ஊசியைச் சாணை பிடித்து மறுபடி பயன்படுத்தினார்கள். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு அப்போது மருந்தே இல்லை. இரண்டு வாரம் உடம்பைத் துடைத்து, வாயைச் சுத்தம் செய்து, நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைத்து, கரண்டி கரண்டியாக நீராகாரம் கொடுத்தவரின் கைதான் வைத்தியம். கான்பெராவில் 1999-இல் எழுந்த ஆஸ்திரேலிய நர்ஸ்கள் நினைவகம் வார்ப்புக் கண்ணாடியால் ஆனது. அதில் நர்ஸ்களின் எழுத்தும் படங்களும் பதிக்கப்பட்டிருக்கின்றன. நம்மிடமும் வார்டு ரிப்போர்ட், டியூட்டி சார்ட் மாதிரியான தாள்கள் குடும்பப் பெட்டிகளில் இருக்கும். க்யூஆர் கோடு வைத்து எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாம் என்பார்கள். இணைய முகவரிக்கு வருடா வருடம் பணம் கட்டுவது யார் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் மூன்றாம் வருடம் அந்தக் கோடு எந்தப் பக்கத்தையும் திறக்காது.

கடைசியாக, சுவரை நிரப்பிவிடக் கூடாது. பூங்கா திறந்த பிறகுதான் குடும்பங்கள் தாள்களோடு வரத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்கு பலகைகளை எழுத்தில்லாமல் நிறுத்தி, புதிய பெயர்களை வருடத்துக்கு ஒரே ஒரு முறை, அக்டோபர் 1-க்கு முன்னால், மொத்தமாக வெட்டுவது நல்லது. தப்பான பெயரைக் கல்லில் அழிக்க முடியாது, பலகையையே மாற்ற வேண்டும். அடுத்த பாளத்தில் நிறம் மாறிவிடும் என்பதால், முதல் ஆர்டரிலேயே அதே பாளத்திலிருந்து நான்கைந்து பலகை கூடுதலாக அறுத்து வாங்கி, எண் போட்டு, ஸ்டோர் ரூமில் நிமிர்த்திச் சாய்த்து வைக்க வேண்டும். படுக்கப் போட்டு அடுக்கினால் அடிப்பலகை விரிசல் விடும்.